யுரேனஸைத் தாண்டிப் போன விருந்துப் பாட்டு

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால், ஜமுனாமரத்தூருக்கு முன்பாகவே காவலூர் வந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். சந்தன மரக் காட்டுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் குவிமாடங்கள் தெரியும். அதுதான் வைணு பாப்பு வானாய்வகம். ஒரு பாட்டின் கதையை இங்கிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. அந்தப் பாட்டு பிறந்தது பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், காக்கசஸ் மலையடிவாரத்தில். ஆனால் அது போன வழியில் மைல்கல் நட்டவர்களில் இந்த மலையில் இருந்தவர்களும் உண்டு.

1977 மார்ச் 10 இரவு. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியை யுரேனஸ் பக்கம் திருப்பிவைத்துக் காத்திருந்தார்கள். அன்று யுரேனஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்தின் குறுக்கே கடந்துபோக இருந்தது. நட்சத்திரம் மறையும் நேரத்தைச் சரியாக அளந்தால் அந்தக் கிரகத்தின் அளவும் வளிமண்டலமும் பிடிபடும் என்பது கணக்கு. ஆனால் எதிர்பாராத நேரத்தில் நட்சத்திரத்தின் ஒளி சில நொடிகள் சட்டென்று மங்கி, பிறகு பழையபடி ஆனது. புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கே போயிருக்கிறது என்றுதான் இருவரும் முதலில் நினைத்தார்கள். 'நேச்சர்' இதழில் அவர்கள் எழுதிய குறிப்பின் தலைப்பும் அதுவே. அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த அமெரிக்க ஆய்வு விமானம் ஒன்றிலிருந்து ஜேம்ஸ் எலியட் குழுவினரும் இப்படிப்பட்ட மங்கல்களைக் கிரகத்தின் இரண்டு பக்கமும் கண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. யுரேனஸுக்கு வளையங்கள் இருக்கின்றன. சனிக்கு அடுத்தபடியாக, வளையம் உண்டென்று மனிதர்கள் அறிந்த இரண்டாவது கிரகம் அது. அந்த ஆண்டு முடிவதற்குள் பட்டாச்சார்யாவும் வானியலாளர் வைணு பாப்புவும் சேர்ந்து அந்த வளைய அமைப்பைப் பற்றி அதே இதழில் எழுதினார்கள்.

அதே மாதங்களில் அமெரிக்காவில் சிலர் உட்கார்ந்து இசைத்தட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வானியலாளர் கார்ல் சாகன் தலைமையில் ஒரு சிறு குழு. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் இரண்டு விண்கலங்கள் கிளம்ப இருந்தன. வியாழன், சனி என்று கிரகங்களைப் பார்த்துவிட்டுச் சூரியக் குடும்பத்தையே விட்டு வெளியேறப்போகும் அந்தக் கலங்களில் பூமியின் குரலாக ஒரு தட்டை வைத்து அனுப்ப வேண்டும். தங்க முலாம் பூசிய செப்புத் தட்டு, குறுக்களவு 30 சென்டிமீட்டர். இசைக்கு அதில் இடம் ஒன்றரை மணி நேரம்தான். உலகம் முழுவதிலுமிருந்து கடைசியில் 27 இசைத் துண்டுகள் தேறின. அவற்றில் ஒன்று 'சாக்ருலோ'. ஜார்ஜியா நாட்டின் கிழக்குக் கோடியில் உள்ள கஹேத்திப் பகுதியின் விருந்துப் பாட்டு. நீளம் 2 நிமிடம் 18 விநாடி.

ஜார்ஜியா என்றதும் நம்மில் பலருக்கு அமெரிக்க மாநிலம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது கருங்கடலுக்குக் கிழக்கே, ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் நடுவே இருக்கிற சிறு நாடு. நாடு முழுவதையும் சேர்த்தாலும் சென்னை மாநகரின் மக்கள்தொகை தேறாது. அவர்கள் மொழிக்கு அந்த மலைநாட்டுக்கு வெளியே நெருங்கிய சொந்தம் எதுவும் கிடையாது. தங்களுக்கென்று தனி எழுத்து, அதில் 33 எழுத்துகள். நாலாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தைத் தழுவியவர்கள். பாரசீகம், ஆட்டோமான் துருக்கி, ரஷ்யா என்று மாறி மாறிப் பேரரசுகள் மேலே ஏறி உட்கார்ந்தபோதும் அவர்கள் கைவிடாதவை இரண்டு: மொழியும் பாட்டும். பாட்டு என்றால் ஒற்றைக் குரலில் பாடுவது இல்லை. மூன்று குரல். மூன்றும் தனித்தனி வழியில் போகும்.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் காதுக்கு இது பழக்கமில்லாத பாட்டு. நம் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து பாடினாலும் பத்துப் பேரும் ஒரே மெட்டைத்தான் பாடுவோம். நடவு வயலில் ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள், மெட்டு ஒன்றுதான். கச்சேரியில் பாடகர் எங்கே சுற்றி வந்தாலும் தம்புரா ஒரே சுருதியில் நிற்கும். கஹேத்திப் பாட்டை நமக்குப் புரியவைக்க எனக்குக் கிடைத்த ஒரே வழி, நாதஸ்வரக் கோஷ்டியில் முன்பு இருந்த ஒத்துக்காரர். ஒரே சுரத்தை மூச்சு விடாமல் ஊதிக்கொண்டிருப்பாரே, அவர். அந்த ஒத்தை ஒரு கருவி ஊதாமல், பந்தியில் உட்கார்ந்திருக்கிற அத்தனை ஆண்களும் அடித்தொண்டையில் சேர்ந்து பாடினால் எப்படி இருக்கும்? அதற்கு அவர்கள் மொழியில் 'பானி' என்று பெயர். அந்தப் பானி நம் ஒத்தைப் போல ஒரே இடத்தில் நின்றுவிடாது. பாட்டின் போக்கில் ஒரு படி இறங்கும், ஒரு படி ஏறும். அதன் மேலே இரண்டு தனிக்குரல்கள். ஒருவருக்குச் 'சொல்பவர்' என்று பொருள்படும் பெயர், இன்னொருவருக்கு 'அழைப்பவர்'. சொல்பவர் ஒரு சொல்லை எடுத்து நீட்டி, வளைத்து, உதறிவிட்டு நிறுத்துவார். அழைப்பவர் அதை வேறொரு உயரத்தில் பிடித்துக்கொண்டு போவார். இரண்டு குரலும் சில இடங்களில் உரசிக்கொள்ளும். பியானோ கட்டையில் கிடைக்காத இடைவெளிகள் அவை. முதல் தடவை கேட்கிறவருக்கு யாரோ சுருதி விலகிவிட்டார்கள் என்றே தோன்றும். பிறகு, பெரும்பாலான பாட்டுகளில், மூன்று குரலும் ஒரே சுரத்தில் வந்து இறங்கும்.

சாக்ருலோ போருக்குப் புறப்படுவதைப் பற்றிய பாட்டு. எதிரியை மிரட்டும் சொற்களும் வீரம் பேசும் சொற்களும் அதில் உண்டு. பாடுவது மட்டும் விருந்துப் பந்தியில். கஹேத்தி திராட்சைத் தோட்டங்களின் நாடு; பெரிய மண் தாழிகளை நிலத்தில் கழுத்தளவு புதைத்து அதில் மது நொதிக்க வைப்பார்கள். அங்கே விருந்து என்றால் அதற்கு ஒரு தலைவர் உண்டு, 'தமாதா' என்று பெயர். இறந்தவர்களை நினைத்து, பெற்றோரை நினைத்து, நாட்டை நினைத்து என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லி வாழ்த்த, அதற்குப் பிறகுதான் கோப்பை உயரும். அந்த வாழ்த்துகளுக்கு நடுவே பாட்டு எழும். பந்தியில் இருப்பவர்கள் எல்லாரும் பானியில் சேர்ந்துகொள்வார்கள். கேட்பவர் என்று தனியாக யாரும் மிஞ்ச மாட்டார்கள். மேடை, ரசிகர் என்ற பிரிவுக்கே பழகிப்போன எனக்கு இந்த ஏற்பாட்டை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த ஜார்ஜிய மெய்யியலாளர் இயோவானே பெத்ரித்சி மூன்று குரல்களின் பெயரையும் குறித்து, அவை மூன்றாக இருந்து ஒன்றாவதைக் கிறிஸ்தவத் திரித்துவத்தோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். வீட்டிலும் வயலிலும் விருந்திலும் பாடியது போலவே கோயிலிலும் மூன்று குரலில்தான் பாடினார்கள். அந்தக் கோயில் பாட்டுக்குத்தான் முதலில் ஆபத்து வந்தது. 1801-ல் ரஷ்யப் பேரரசு நாட்டை எடுத்துக்கொண்டது. பத்து ஆண்டுகளில் ஜார்ஜியத் திருச்சபையின் தன்னாட்சியும் போனது. கோயில்களில் ரஷ்யப் பாட்டு நுழைந்தது. ஆசானிடமிருந்து சீடனுக்கு வாய்வழியாக வந்த ஆயிரக்கணக்கான பாட்டுகள் சீடர் இல்லாமல் நின்றன. அப்போது பிலிமோன் கோரித்சே என்ற ஆப்பராப் பாடகர், இத்தாலிய மேடைகளில் பாடிப் பெயரெடுத்தவர், ஊர் திரும்பினார். 1880-களில் கிழவர்களைத் தேடித் தேடிப் போய், அவர்கள் பாடப் பாட மூன்று குரலையும் இசைக்குறியீட்டில் எழுதி வைத்தார். அதே 1880-களில்தான் இங்கே உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துக்கொள்கிறேன். 1889-ல் அவர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அதன் கடைசிப் பாட்டுக்கும் ஜவ்வாது மலைக்கும் உள்ள தொடர்பைப் பிறகு சொல்கிறேன்.

சோவியத் ஆட்சி வந்த பிறகு கோயில் பாட்டுக்கு இடமே இல்லாமல் போயிற்று. எக்வ்திமே கெரெசெலித்சே என்ற துறவி, எழுதிவைத்த கட்டுகளை மண்ணில் புதைத்துக் காப்பாற்றி 1930-களில் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். நாட்டுப் பாட்டு தப்பியது, ஆனால் உருமாறியது. அரசுக் குழுக்கள் உருவாயின. மூன்று பேர் முகம் பார்த்துப் பாடியதை நாற்பது பேர் சீருடையில் வரிசையாக நின்று பாடினார்கள்.

1966-ல் திபிலீசி இசைக் கல்லூரியில் நடந்ததை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். மேற்கு ஜார்ஜியாவின் கூரியாப் பகுதியைச் சேர்ந்த ஆர்தெம் எர்கொமயிஷ்விலிக்கு அப்போது 79 வயது. பழைய கோயில் பாட்டை முழுதாகக் கற்ற கடைசி ஆசான்களில் ஒருவர். கூடப் பாடியவர்கள் முன்பே இறந்துவிட்டார்கள். மூன்று குரல் பாட்டுக்கு மிஞ்சியது ஒரே தொண்டை. பதிவு செய்ய வந்தவர்களிடம் இரண்டு ஒலிநாடாக் கருவிகள் இருந்தன. கிழவர் முதல் குரலை மட்டும் தனியாகப் பாடினார். அதை ஒரு கருவியில் ஓடவிட்டார்கள். தன் குரலையே கேட்டுக்கொண்டு இரண்டாவது குரலைப் பாடினார், இன்னொரு கருவி இரண்டையும் சேர்த்துப் பிடித்தது. பிறகு அந்த இரண்டையும் ஓடவிட்டு அடிக்குரலைப் பாடினார். இப்படியே நூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள். அந்தப் பதிவைக் கேட்டால் மூன்றாவது சுற்றில் முதல் குரல் நாடாவின் இரைச்சலோடு பின்னால் தேய்ந்து கேட்கும்; முன்னால் அதே மனிதர் அடிக்குரலில் பாடிக்கொண்டிருப்பார். செத்துப்போன இரண்டு கூட்டாளிகளின் இடத்தில் தன்னையே உட்காரவைத்துப் பாடியிருக்கிறார். அடுத்த ஆண்டு, 1967-ல், அவரும் காலமானார்.

அவருடைய பேரன் அன்சோர் எர்கொமயிஷ்விலி 1968-ல் 'ருஸ்தாவி' என்ற குழுவைத் தொடங்கினார். பெரிய பாடகர் கூட்டம் பாடும் முறையை விட்டு, ஊர்ப்புறத்தில் பாடுவது போலச் சில பேர் சேர்ந்து பாடும் முறைக்குத் திரும்பினார். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கிராமபோன் கம்பெனிகள் பதிவு செய்துவிட்டுப் போன பழைய தட்டுகளையும் ஆவணக் காப்பகங்களில் தேடி எடுத்து வெளியிட்டார். 2001-ல் யுனெஸ்கோ மனித குலத்தின் வாய்வழி மரபுச் செல்வங்கள் என்று முதன்முதலாக 19 கலைகளை அறிவித்தபோது ஜார்ஜியாவின் பல குரல் பாட்டு அதில் இருந்தது. இந்தியாவிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றது கேரளத்தின் கூடியாட்டம்.

இனி விண்வெளிக்குப் போன பதிவு. அதைப் பாடியது ஜார்ஜிய அரசு நாட்டுப்பாடல் நடனக் குழு. இயக்கியவர் அன்சோர் கவ்சாத்சே. நாசா வெளியிட்ட இசைப் பட்டியலில் இந்தப் பெயர்கள் எதுவும் இல்லை. ஜார்ஜிய சோவியத் குடியரசு, குழுப்பாடல், சாக்ருலோ, மாஸ்கோ வானொலி சேகரித்தது. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. அதே பட்டியலில் இந்தியப் பாட்டுக்கு எதிரே கேசர்பாய் கேர்க்கர் என்ற பெயர் இருக்கிறது. அவர் பாடிய பைரவி ராகப் பாட்டை சிபாரிசு செய்தவர் ராபர்ட் பிரவுன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர். நம் மிருதங்கத்தைக் கற்று, மிருதங்கத்தைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு எழுதியவர் அவர். கலங்கள் கிளம்பிய சில வாரங்களில், 1977 செப்டம்பர் 16 அன்று கேசர்பாய் மறைந்தார்.

தட்டில் பாட்டுக்கு முன்னால் 55 மொழிகளில் வாழ்த்துகள் இருக்கின்றன. சுமேரியம் இருக்கிறது, அக்காடியம் இருக்கிறது. பேச ஆளில்லாத மொழிகள். இந்தியா பக்கம் இந்தி, வங்காளம், மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி, உருது, ஒடியா, கன்னடம், தெலுங்கு, ராஜஸ்தானி எல்லாம் உண்டு. சிங்களம் உண்டு. தமிழ் இல்லை. பெரும்பாலும் சாகன் வேலை பார்த்த கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் கிடைத்தவர்களைக் கூப்பிட்டுப் பேசவைத்த வாழ்த்துகள் அவை; யாரும் திட்டமிட்டு விலக்கவில்லை. தெரிந்தும் எனக்கு அந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் வலிக்கத்தான் செய்கிறது. ஜார்ஜிய மொழியும் அதில் இல்லை. பக்கத்து ஆர்மீனியம் இருக்கிறது, ஜார்ஜியம் இல்லை. வாழ்த்துச் சொல்ல ஆள் கிடைக்காத அந்த மொழி 2 நிமிடம் 18 விநாடிப் பாட்டாக ஏறிக்கொண்டது. ஜார்ஜியர்களின் அடையாளம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் அந்தப் பாட்டின் இரண்டு தனிக்குரல்கள் உரசும் இடத்தைத்தான் காட்டுவேன். வேறு எந்த நாட்டுப் பாட்டோடும் அதைக் குழப்ப முடியாது.

1977 ஆகஸ்ட் 20 அன்று வாயேஜர் 2 கிளம்பியது; செப்டம்பர் 5 அன்று வாயேஜர் 1. இரண்டிலும் ஒரே தட்டுதான், ஆனால் யுரேனஸ் பக்கம் போனது வாயேஜர் 2 மட்டும். அது போய்ச் சேர எட்டரை ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் காவலூரிலும் நிறைய நடந்தது. இந்தியாவிலேயே ஒரு பெரிய தொலைநோக்கியைச் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற வைணு பாப்பு, அது முடிவதைப் பார்க்காமலே 1982 ஆகஸ்டில் இறந்தார். 2.34 மீட்டர் ஆடி கொண்ட அந்தத் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து தொடங்கிவைத்து, அதற்கும் ஆய்வகத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார். ஜவ்வாது மலையில் அந்த விழா நடந்து 18-ஆம் நாள், ஜனவரி 24 அன்று, சாக்ருலோவைச் சுமந்துகொண்டு வாயேஜர் 2 யுரேனஸைக் கடந்தது. மேகப் பரப்புக்கு மேலே சுமார் 81,500 கிலோமீட்டர் உயரத்தில். 1977-ல் ஒரு நட்சத்திரம் சிமிட்டியதை வைத்துக் காவலூரிலும் ஆய்வு விமானத்திலும் இருந்தவர்கள் உய்த்தறிந்த வளையங்களை அந்தக் கலம் பக்கத்தில் இருந்து படமெடுத்தது. புதிதாக இரண்டு வளையங்களையும் பத்துத் துணைக்கோள்களையும் காட்டியது. அந்தப் படங்கள் வானொலி அலையாகப் பூமிக்கு வர இரண்டே முக்கால் மணி நேரம் பிடித்தது.

நான் முதலில் சாக்ருலோவைக் கேட்டது காவலூரிலேதான். மாலை இருட்டுகிற நேரம், ஆய்வகத்துக்கு வெளியே, கைபேசியில். பக்கத்துக் குடிசையில் ஆடு கத்திக்கொண்டிருந்தது, தூரத்தில் யாரோ யாரையோ கூவி அழைத்தார்கள், ஜமுனாமரத்தூர் பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. முதல் குரல் எழுந்து இரண்டாவது குரல் அதை உரசியபோது சத்தம் பிசகுகிறதோ என்று கைபேசியைத் தட்டிப் பார்த்தேன். பிறகு பானி உள்ளே வந்தது. கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் அடிக்குரல் பாதிதான் கேட்டது, ஆனால் மேலே பாடும் இருவரும் எதன் மேல் நிற்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை ஆட்டின் சத்தமும் கூவலும் பாட்டோடு சேர்ந்தே காதில் விழுந்தன, எதுவும் எதையும் கெடுக்கவில்லை.

அப்போதுதான் மலைபடுகடாம் நினைவுக்கு வந்தது. பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டு. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடியது. பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன், அவன் ஊர் செங்கண்மா. இன்றைய செங்கம், ஜவ்வாது மலையின் அடிவாரம். பாட்டில் வரும் சேயாறு இந்த மலையில் பிறக்கும் செய்யாறுதான். பரிசில் பெற்று வரும் ஒரு கூத்தன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். அவர்கள் முழவு, ஆகுளி, பதலை, குழல், தூம்பு என்று கருவிகளைப் பைகளில் கட்டித் தோளில் சுமந்து வருகிறார்கள். அந்த மூட்டைகளைப் புலவர் பலாக்காய்க் கொத்துக்கு ஒப்பிடுகிறார். பாட்டின் நடுவே மலையின் ஓசைகளை அவர் அடுக்கத் தொடங்குகிறார். அருவியில் ஆடும் பெண்களின் ஆரவாரம், தினைப்புனத்தில் கிளி ஓட்டும் மகளிரின் கூவல், உலக்கைப் பாட்டு, தேன் எடுப்போரின் சத்தம், குறவர் ஆடும் குரவை, யானையின் குரல். ஒன்று முடிந்து இன்னொன்று என்று இல்லாமல் அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்து கலக்கின்றன. மலை என்னும் யானைக்கு அந்த ஓசைதான் மதம் என்பது பாட்டின் பெயருக்கே பொருள். தமிழிசை ஒற்றை மெட்டின் வழியில் வளர்ந்தது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பல குரல் ஒன்றாக எழுவதைக் காது கொடுத்துக் கேட்டு, அதையே ஒரு பாட்டுக்குப் பெயராக வைத்த புலவர் நமக்கு இருந்திருக்கிறார், அதுவும் இந்த மலையடிவாரத்தைப் பாடியவர்.

அந்த மலையில் இன்று வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தோடு சம்பந்தம் இல்லை. மலையில் வாழ்வதால் வந்த பெயர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாக வாய்வழிக் கதை சொல்வார்கள். சாமை விதைப்பவர்கள், தேன் எடுப்பவர்கள். களத்திலும் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் பாட அவர்களிடம் பாட்டு இருக்கிறது. பிள்ளைகள் விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள், பெரியவர்கள் பல மாதம் வெளியூர் வேலைக்குப் போகிறார்கள். பாட்டு பாட்டியோடு ஊரில் தங்கிவிடுகிறது.

இந்தியாவில் பல குரல் பாட்டு தேடுகிறவர்கள் நாகாலாந்தின் பேக் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே மலைச்சரிவு வயல்களில் கூட்டாக வேலை செய்கிறவர்கள் 'லி' என்ற பாட்டுகளைப் பல குரலில் பாடுகிறார்கள். அனுஷ்கா மீனாட்சி, ஈஸ்வர் ஸ்ரீகுமார் இருவரும் அவர்களோடு வயலில் இருந்து ஒரு ஆவணப்படம் எடுத்தார்கள், 2017-ல் வெளிவந்தது. மண்வெட்டி விழும் தாளமும் மூச்சிரைப்பும் பாட்டோடு சேர்ந்தே அதில் இருக்கின்றன. அப்படி ஒரு பொறுமையான காது ஜவ்வாது மலைக்கும் வேண்டும்.

வாயேஜர் 2 இப்போது பூமியிலிருந்து 2,000 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டது. 2018 நவம்பர் 5 அன்று சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டியது. அது போகும் திசை தெற்கு வானத்தில், மயில் என்று பெயர் வைத்திருக்கும் விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது. செப்டம்பர் மாத முன்னிரவில் மேகம் இல்லாவிட்டால் காவலூரில் நின்று தெற்கே தாழ்வாகப் பார்க்கலாம். கலம் தெரியாது, திசை தெரியும்.

மலைக்குப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பீமன் அருவியில் குளித்து, படகில் ஏறி, சாமையும் தேனும் வாங்கிக்கொண்டு திரும்புவதற்கு முன், ஏதாவது ஒரு குக்கிராமத்தில் வயதான ஒரு அம்மாவிடம் உட்கார்ந்து, அவர் சம்மதித்தால், ஒரு பாட்டைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். கூடப் பாட ஆள் இருந்தால் அவர்களையும் கூப்பிடச் சொல்லுங்கள். ஆடு கத்தினால் கத்தட்டும், நிறுத்த வேண்டாம். பாட்டு முடிந்ததும் பாடியவர் பெயரையும் ஊரையும், யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவைத்து அதையும் பதிவில் சேருங்கள். ஒரு பிரதியை அந்த வீட்டுப் பிள்ளையின் கைபேசிக்கு அனுப்பிவிட்டு மலை இறங்குங்கள்.